மரகதவல்லியின் சுரங்கக் கதவு

மரகதவல்லி ஒரு நாளைக்கு இரண்டு முறை மூழ்கும். காலை பத்தரைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்காக, மதியம் இரண்டரைக்கு இன்னொரு பள்ளிக்கூடத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கைவிட்ட உப்பளம் ஒன்றை மேடாக்கி, கான்கிரீட் கட்டைகளின் மேல் அந்தக் கப்பலை நிறுத்தியிருந்தார்கள். போர் வந்தபோது எண்ணெயும் குண்டுகளும் சுமக்க அரசு எடுத்துக்கொண்ட சரக்குக் கப்பல் அது. பதின்மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஆனி மாதக் காலையில் எதிரியின் நீர்மூழ்கி அதன் பின்புறத்தைப் பிளந்துவிட்டது. ஐம்பத்தெட்டு பேர் படகேறிக் கரை சேர்ந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் கப்பலோடு போனார்கள். எட்டு வருடம் கழித்துத் தூக்கியபோது எலும்புகள் சேறோடு சேறாகக் கலந்து கிடந்தன. யாருடையது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே குழியில் அடக்கம் செய்துவிட்டு, கப்பலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான போர்க்காட்சியாக ஆக்கினார்கள்.

அங்கே வழிகாட்டி பெர்த்தா. நாற்பத்தொரு வயது. அவள் புருஷன் எஸ்தாக்கி அந்தக் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேனாக இருந்தவன். நாற்பத்து மூன்றில் ஒருவன்.

பிள்ளைகளை இரும்பு ஏணி வழியாக இயந்திர அறைக்குள் இறக்கி வரிசையாக நிறுத்துவது அவள் வேலை. அதன்பின் மீரான் பேசுவான். காயல்பட்டினத்துப் பையன், பொறியாளர், எந்நேரமும் சட்டைப் பையில் நாலு பேனா.

"இரும்பு ஊமைன்னுதான நெனைக்கீங்க?" என்று தொடங்குவான். "அதுக்குள்ள மணல் மாதிரி கோடிக்கணக்குல பொடி மணி இருக்கு. ஓங்கி ஒரு அடி விழுந்தா அதெல்லாம் கொஞ்சம் நகந்துரும். எந்தப் பக்கம் விழுந்துது, எவ்வளவு பலம், எது முந்தி, எது பிந்தி, எல்லாம் அடுக்கடுக்கா உள்ளயே கெடக்கும். இந்த மெஷினுக்குப் பேரு மீட்டி. அந்த அடுக்க ஒண்ணொண்ணா எழுப்பி விடும். அன்னைக்கு அதிர்ந்த மாதிரியே தகடு இன்னைக்கும் அதிரும். இங்க ஸ்பீக்கர் எதுவும் கெடையாது, பாத்துக்கிடுங்க. பேசுறது கப்பல்தான்."

விளக்கு அணையும். முதலில் இயந்திரத்தின் நிதானமான உறுமல். பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரிப்பார்கள். ஐந்தாவது நிமிடம் அந்த அடி விழும். சிரித்த வாய் அப்படியே நின்றுபோகும். பின்புறத் தகடுகள் கிழியும் ஓலம் பல்லுக்குள் போய்க் குத்தும். நீராவிக் குழாய் வெடிக்கும். யாரோ ஒருவன் அம்மா என்று கத்த ஆரம்பித்து, முதல் எழுத்தோடு அறுந்துபோவான்.

"இப்ப கேட்டது நீராவி" என்பாள் பெர்த்தா, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல். "ஒரு ஆளத் தோலுரிக்க அதுக்கு நாலு நொடி போதும்."

ஏணியில் ஆட்கள் முட்டி மோதுவதும், மேலே இருப்பவன் கீழே இருப்பவன் முகத்தில் உதைப்பதும், விழுபவனின் முதுகெலும்பு தரைத்தகட்டில் முறிவதும் அடுத்து வரும். பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இரண்டு வரிதான்.

பதினான்காவது நிமிடத்தில் அவள் காத்திருந்தது வரும். அறையின் கோடியில், கப்பலின் பின்புற விசிறியைச் சுற்றும் சுழல்தண்டு ஓடும் சுரங்கத்துக்கு ஒரு கனத்த இரும்புக் கதவு உண்டு. அந்தக் கதவு தட்டும். மூன்று தட்டு, இரண்டு தட்டு. மூன்று, இரண்டு.

இயந்திர அறையில் பேச்சு எடுபடாது. அதனால் ஆட்கள் ஸ்பேனரால் குழாயைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். மூன்று-இரண்டு என்றால் 'நான் இங்கே இருக்கிறேன்'. இரண்டு-மூன்று என்றால் 'கேட்டது'. தட்டுக்குப் பதில் தட்டாமல் விடுவது அவர்களிடையே பெரிய குற்றம். முந்தின நாள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவனாக இருந்தாலும் பதில் தட்டியாக வேண்டும். எஸ்தாக்கி இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். குளியலறைக்குள் இருந்து சுவரைத் தட்டுவான், துண்டு வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்க மாட்டான் அந்த மகராசன். அடுப்படியில் இருந்து அவள் கரண்டியால் பாத்திரத்தில் இரண்டு-மூன்று தட்டும்வரை விடமாட்டான்.

அப்படிப்பட்டவன் எட்டு வருடம் கடலுக்கடியில் தட்டிக்கொண்டே கிடந்திருக்கிறான், பதிலுக்கு ஆளில்லாமல். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே பெர்த்தா கையில் கிடைத்த இரும்புக் கம்பியை எடுத்துக் கதவில் தட்டினாள். இரண்டு, மூன்று. அன்றிலிருந்து நாலு வருடமாக, தினமும் இரண்டு வேளை, தட்டு நிற்கும்வரை பதில் தட்டினாள். பிள்ளைகள் அழுதார்கள், ஆசிரியர்களும் அழுதார்கள். இயக்குநர் சிவசுப்பு கதவுக்கு மேல் ஒரு பலகையும் மாட்டிவிட்டார்: 'எஸ்தாக்கி ரொட்ரிகோ. சுரங்கத்துக்குள் சிக்கி, கடைசி மூச்சுவரை தட்டியவர்.'

சென்னைக்கு வா, நல்ல வேலை இருக்கிறது என்று அண்ணன் எத்தனையோ முறை கூப்பிட்டான். அவள் போகவில்லை. அந்தத் தட்டு கேட்கும்வரை எஸ்தாக்கி முழுசாகச் சாகவில்லை என்று அவள் நம்பினாள். அது போய்விட்டால் அவளுக்கு வேறொன்றும் இல்லை.

இந்த வருடம் ஆடியில் சிவசுப்பு புதிதாக ஒன்று கொண்டுவந்தார். பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட். தகட்டில் விழும் ஒவ்வொரு அடியையும் அது விலாவில் திருப்பிக் குத்தும்.

"கேட்டா மறந்துரும். பட்டா மறக்காதும்மா" என்றார் பெர்த்தாவிடம். இருபது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். பிரம்பை விட்டாரே தவிர பிரம்பின் மேலிருந்த நம்பிக்கையை விடவில்லை.

மூன்றாம் நாள், மதியக் காட்சி. நாற்பது பிள்ளைகள், பிளஸ் டூ. வெடி விழுந்ததும் ஜாக்கெட்டுகள் நாற்பது மார்பிலும் ஒரே நேரத்தில் குத்தின. ஒருத்தி வாந்தி எடுத்தாள். அந்த ஈரம் இருட்டில் பக்கத்தில் நின்றவன் காலில் பட்டது. "தண்ணி! தண்ணி வருது!" என்று அவன் அலறினான்.

அவ்வளவுதான். நாற்பது பேரும் ஒற்றை ஏணியைப் பார்த்து ஓடினார்கள். பெர்த்தா விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினாள். மீரானுக்குக் கேட்கவில்லை. கப்பலின் சாவும் பிள்ளைகளின் அலறலும் ஒன்றாகிவிட்டன. விளக்கு வந்தபோது ஏணியடியில் ஏழெட்டு பேர் குவியலாகக் கிடந்தார்கள், அவர்கள் மேல் மற்றவர்கள் ஏறி மிதித்தார்கள். ஒரு பெண்ணின் வாயில் இருந்து ரத்தமும் இரண்டு பல்லும் வந்தன. நிகேஷ் என்ற பையன் நடுப்படியில் நின்றுகொண்டு, மேலே போன ஒருத்தியின் சடையைக் கையில் சுற்றிக் கீழே இழுத்தான். அவள் பிடி நழுவிக்கொண்டிருந்தது. விழுந்தால் தலை முதலில் போகும். விடுடா, விடுடா என்று மூன்று முறை கத்தினாள் பெர்த்தா. அவன் கண்ணில் மனிதனுக்கான ஒன்றுமே இல்லை. அவள் கையிலிருந்த கம்பியை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அந்த இரைச்சலிலும் கேட்டது. சடை விடுபட்டது.

சாவு இல்லை. அது தெய்வச் செயல்தான். ஆனால் நிகேஷின் அப்பா வக்கீல். கப்பலில் வழிகாட்டி பிள்ளையை இரும்பால் அடித்தாள் என்று புகார் போனது. விசாரணை முடியும்வரை காட்சி நிறுத்தப்பட்டது.

"பயப்படாதீங்கக்கா" என்றான் மீரான். "ஏணித் தகட்டுல அன்னைக்கு நடந்தது எல்லாம் பதிஞ்சிருக்கும். யாரு யார இழுத்தா, எது முந்தி நடந்துதுன்னு எடுத்துக் குடுத்துருதேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் உள்ளே போனார்கள். ஏணியை வாசிக்க அரை மணி ஆனது. பிள்ளைகளின் கூச்சல், சடை, கம்பி எல்லாம் வரிசையாக வந்தன. அவள் அடித்தது சரிதான் என்று எவனுக்கும் புரியும். மீரான் சிரித்தபடி, இருக்கிற கையோடு மற்ற தகடுகளையும் பார்த்துவிடுகிறேன் என்று கருவியை நகர்த்தினான். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, நீங்க கொஞ்சம் மேல போயி இருங்க."

"என்னத்துக்கு? ஏணில நடந்தத நானும் பாத்தேம்லா."

"ஏணி இல்லக்கா. சுரங்கக் கதவு." அவன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். "மீட்டி ஓடும்போது தகடு கொஞ்சம் எளகுன மாதிரி இருக்கும். அந்த நேரத்துல மேல விழுற அடி, பழசுக்கு மேல ஏறி உக்காந்துரும். அதான் பிள்ளைகளத் தொடக் கூடாதுன்னு சொல்லுதோம்."

"பிள்ளைக தொடலையே. நான்தான் பக்கத்துலயே நிக்கேன்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"நீங்க கம்பியால தட்டுவீங்கன்னு தெரியும். பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துட்டேன். என் தப்புதான்." மீரான் பேனாவைப் பைக்குள் போட்டான். "மூணு-ரெண்டு இப்ப அதுல இல்லக்கா. போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இருக்கது ரெண்டு-மூணு மட்டும். விடாம வாறதால எங்க ஆரம்பிக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. இவ்வளவு நாளும் நீங்க கேட்டது ஒங்க கையத்தான்."

பெர்த்தா அவன் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். பிறகு கம்பியை எடுத்து மீட்டியின் கண்ணாடி முகப்பை நொறுக்கினாள், அதன் கைப்பிடியை உடைத்தாள், கதவுக்கு மேலிருந்த பெயர்ப் பலகையைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கம்பியில் வழிந்தது. மீரான் தடுக்கவில்லை. அவள் களைத்துத் தரையில் உட்கார்ந்த பிறகுதான் பேசினான்.

"காட்சி ஆரம்பிக்கதுக்கு முந்தி ஒரு தடவ முழுசா வாசிச்சுப் பதிவு எடுத்தாங்க. நான் வேலைக்கு வாறதுக்கு முந்தி. சார் பீரோவுல இருக்கு, யாருக்கும் காட்டுறதில்ல. அதுல அண்ணாச்சி தட்டுனது இருக்கும்."

அலுவலகப் பீரோவைத் திறந்து, பதிவை எடுத்து, ஒற்றை விசிறி சுழலும் அறையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

மூன்று-இரண்டு இருந்தது. அதற்கு முன்னால், காட்சியில் ஒருநாளும் வராத சத்தங்கள் இருந்தன. சம்மட்டி. கதவுக்கு ஆப்பு அடிக்கும் சம்மட்டி. கதவோடு வாயை ஒட்டிக் கத்தியிருந்ததால் பேச்சும் பதிந்திருந்தது.

"அண்ணாச்சி! தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டு அண்ணாச்சி! சுரங்கத்துலருந்து மேல போற ஏணி நசுங்கிக் கெடக்கு! தெறங்க!"

இளம் குரல். எஸ்தாக்கியின் குரல் இல்லை.

எஸ்தாக்கியின் குரல் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தது. "ஏலே, எவனும் கிட்ட வராதீங்க! இதத் தெறந்தா அஞ்சு நிமிசத்துல இந்த ரூம் நெறஞ்சி கப்பல் கவுந்துரும். மேல அம்பது பேரு படகு எறக்கிட்டு இருக்கான்!" யாரோ ஆப்பைப் பிடுங்க வந்திருக்கிறான். ஸ்பேனர் ஒரு மண்டையில் விழுந்த சத்தம். கனமான ஒன்று தகட்டில் சரிந்த சத்தம். மறுபடி சம்மட்டி.

பிறகு உள்ளே இருந்து மூன்று-இரண்டு. வெளியே இருந்து இரண்டு-மூன்று. "கேக்குதுலே மாசாணம்" என்றான் எஸ்தாக்கி. அழுதுகொண்டிருந்தான். "கேக்குதுலே. நான் இங்கனதாம்லே நிக்கேன்."

இருபத்திரண்டு நிமிடம் அது நடந்தது. உள்ளே தட்டு மெலிந்தது. மூன்று மட்டும் வந்தது. ஒன்று வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகும் எஸ்தாக்கி ஒன்பது நிமிடம் இரண்டு-மூன்று தட்டிக்கொண்டே இருந்தான், இயந்திர அறைக்கும் தண்ணீர் வந்து சேரும்வரை.

திங்கட்கிழமை காலை பெர்த்தா சிவசுப்புவின் முன் போய் நின்றாள். அவர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"தெரிஞ்சேதான் பலகை மாட்டுனீங்களா சார்?"

"பதினேழு வயசுப் பிள்ளைகள்ட்ட போயி, ஒருத்தன் ஒருத்தன உள்ள வச்சுப் பூட்டிக் கொன்னான்னு எப்படிம்மா சொல்றது? வேண்டாத அடுக்கெல்லாம் மீட்டியில தாண்ட வச்சோம். தட்டுன சத்தம் மட்டும் மிஞ்சுச்சு. நீங்களும் வேலை கேட்டு வந்தீங்க. தட்டுறவனோட பெண்டாட்டியே பக்கத்துல நிக்கான்னா பிள்ளைக மனசுல பதியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கொலைகாரன் பெண்டாட்டின்னு ஒங்கள ஊரு பேசாம நான்தான் காப்பாத்துனேன். ஏணிப் பதிவ நானும் பாத்தேன். புகார் நிக்காது, காட்சிக்கு அனுமதி வாங்கிருவேன். மீட்டியச் சரி பண்ணச் சொல்லியாச்சு. புதன்கிழமை பத்தரைக்குப் பள்ளி வருது. ஜாக்கெட் வேண்டாம். பழைய கதையையே சொல்லுங்க. இல்லன்னா வேறாளு பாக்குறேன்."

அன்று சாயங்காலம் மீரான் பீரோவைத் திறந்து பார்த்தான். பதிவு இல்லை. அப்படி ஒன்று இருந்ததே கிடையாது என்றார் சிவசுப்பு. ஆக, மாசாணம் தட்டியது இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை.

பெர்த்தாவுக்கு மாசாணத்தின் அம்மாவைத் தெரியும். ஆவுடையம்மாள், தாளமுத்து நகரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். காட்சி தொடங்கிய வருடம் ஒரு தடவை வந்திருந்தாள். மகன் எங்கே, எப்படிச் செத்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கதவு தட்டியபோது பெர்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒம் புருசன் என்ன பாடு பட்டானோ என்று அழுதுவிட்டுப் போனவள். சொந்த மகனைக் கேட்டு, அடுத்தவள் புருஷனுக்காக அழுதிருக்கிறாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஓர் இரவு முழுக்க நினைத்தாள். முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சம்மட்டியைச் சொன்னாள், ஸ்பேனரைச் சொன்னாள், இருபத்திரண்டு நிமிடத்தைச் சொன்னாள். நாலு வருடம் தான் தட்டியதையும், அதனால் அழிந்ததையும் சொன்னாள்.

ஆவுடையம்மாள் மாவு வழித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் சட்டியை அப்படியே தூக்கி அவள் முகத்தில் எறிந்தாள். நெற்றி கிழிந்தது. மாவும் ரத்தமும் கண்ணில் இறங்கின. பெர்த்தா துடைக்காமல் நின்றாள். ஆவுடையம்மாள் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். இரண்டாவது முறையும் மோதினாள். மாவு வாங்க வந்தவர்கள் ஓடிவந்து பிரித்தார்கள்.

"ஒம் புருசன் ஒருக்காதாண்டி கொன்னான்!" என்று கத்தினாள். "நீ தெனம் ரெண்டு மட்டம், நாலு வருசமாக் கொன்னிருக்க! எம் புள்ள சத்தம்னு ஒண்ணு இருந்துதே, அதையும் தின்னுட்டியே!"



புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு, நெற்றியில் ஐந்து தையலோடு அவள் கப்பலுக்கு வந்தாள். ஏணிக்கு மேல் ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காவலாளி அவளைத் தடுக்கப் பார்த்துத் தோற்றுப்போய்ப் பக்கத்தில் நின்றான்.

"அந்த எடத்தக் காட்டு" என்றாள்.

இருவரும் இறங்கினார்கள். சுரங்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் குனிந்து நிற்கும் உயரத்தில் துருவேறிய இருட்டு. ஆவுடையம்மாள் நிலைப்படியைத் தடவினாள். கதவின் உட்புறத்தைத் தடவினாள், ஒரு சாண் விடாமல், கை எட்டும் உயரம்வரை.

"இப்ப இதுல எம் மவன் இல்ல. அப்படித்தான?"

"இல்லம்மா."

"நீ தட்டுனது மட்டும் இருக்கு."

"ஆமா."

"அவன் தட்டுனதும் இப்படியேதான? ஒம் புருசன். வெளிய இருந்து."

"இதேதாம்மா. ரெண்டு, மூணு."

ஆவுடையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, சுரங்கத்துக்குள் போனாள். கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"சாத்து."

"அம்மா, வேண்டாம்மா..."

"எம் மவன் தட்டுனத இனி நான் கேக்க முடியாது. அவன் கடேசியாக் கேட்டத கேக்கலாம்லா? சாத்திட்டுத் தட்டு."

பெர்த்தா கதவைச் சாத்தினாள். அது கனத்த கதவு, இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. எஸ்தாக்கி நின்ற இடத்தில் நின்று, கம்பியை எடுத்துத் தட்டினாள். இரண்டு, மூன்று. இரண்டு, மூன்று. கம்பியைக் கைமாற்ற ஒருமுறை நிறுத்தினாள்.

"நிறுத்தாத!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. இரும்புக்குள் அது வயதில்லாத குரலாகக் கேட்டது.

அவள் நிறுத்தவில்லை. பத்தரை மணிப் பள்ளி ஏணியில் இறங்கி வந்தது. மீரான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினான், ஆனால் மீட்டியின் பக்கமே போகவில்லை. சிவசுப்பு மேலிருந்து எட்டிப் பார்த்து என்னவோ சொன்னார், யாரும் திரும்பவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே அமைதியானார்கள்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண், "ஆன்ட்டி, உள்ள யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க" என்றாள் பெர்த்தா. "அவங்க மவன் பேரு மாசாணம். வெளிய நின்னு பூட்டுனது என் புருசன்."

சொல்லிக்கொண்டே தட்டினாள்.